தொற்று பிடித்த மனநல உள்நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி: முதன்முறை டியூட்டிக்கு வருபவர்களுக்கு

பெருந்தொற்றுக் காலத்தில் மனநல வார்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பொது மருத்துவப் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் பழக்கம். சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை எப்படி அணுகுவது என்பதில்தான் தயக்கம். மனநலப் பிரிவிலேயே இருந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஆனால் ஆக்சிஜன் ஃப்ளோமீட்டரைத் தொட்டு வருடங்கள் ஆகியிருக்கும். இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். கோவிட் கற்றுக்கொடுத்ததை வைத்தே எழுதினாலும், அடுத்து வருவது இன்ஃப்ளூயன்சாவோ வேறு சுவாசத் தொற்றோ, இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சொங்டோ பகுதியில் உள்ள தேநாம் மருத்துவமனையில் நடந்தது, இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அங்கே மூடிய மனநல வார்டில் இருந்த நூற்றுச் சொச்சம் உள்நோயாளிகளில் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் தொற்று வந்தது. அந்த நாட்டின் முதல் கோவிட் மரணமும் அந்த வார்டில்தான். இறந்தவர் பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தவர். பூட்டிய கதவு, ஒரே அறையில் பலர், காற்று போக வழியில்லாத ஜன்னல், நாள்பட்ட படுக்கை வாசம் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் கிருமிக்கு வேறு எதுவும் தேவையில்லை. அடுத்த ஆண்டு வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று, மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் கோவிடால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று காட்டியது. வயதுக்கு அடுத்தபடி மிகப் பெரிய அபாயக் காரணியாக அதுவே நின்றது. இதய நோய், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த நிலை.

காரணங்கள் பல இருக்கலாம். வார்டில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும்: இந்த நோயாளி தனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி உங்களைக் கூப்பிட மாட்டார். சொன்னாலும் அதை நோயின் பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துபோகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. "நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்திருக்காங்க" என்று ஒருவர் சொன்னால் அது மாயக்குரலின் தொடர்ச்சியாகவும் இருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம். நீங்கள் அளந்து பார்க்காதவரை தெரியாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் படி: நோயாளியைப் பார்க்கும் முன் வார்டைப் பாருங்கள்

டியூட்டி ஏற்றுக்கொண்டதும் வார்டை ஒரு சுற்று நடந்துவாருங்கள். தொற்று உறுதியானவர்கள், சந்தேகத்தில் இருப்பவர்கள், தொற்று இல்லாதவர்கள் என மூன்று பகுதி பிரித்திருக்கிறார்களா? சந்தேகத்தில் இருப்பவர்களை ஒரே அறையில் அடுத்தடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் உண்மையில் தொற்று என்றால் மற்றவர்களுக்கு நாமே பரப்பியவர்கள் ஆவோம். உறுதியானவர்களை ஒன்றாக வைக்கலாம். ஒரு ஷிப்டில் ஒரே ஊழியர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வராதபடி ஆட்களைப் பிரித்துவிடுங்கள். ஆள் பற்றாமல் அப்படிப் பிரிக்க முடியாவிட்டால், தொற்று இல்லாதவர்களிடம் முதலில், சந்தேகத்தில் இருப்பவர்களிடம் அடுத்து, உறுதியானவர்களிடம் கடைசியில் என்ற வரிசையாவது தவறக்கூடாது.

மனநல வார்டு ஜன்னல்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம்தான் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. காற்றோட்டம் பற்றி நிர்வாகத்திடம் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். காற்றில் பரவும் தொற்றுக்கான அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் வார்டில் அது கிடைக்காமல் போகலாம். எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவைப்பது, வெளியேற்றும் விசிறி பொருத்துவது, ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பானைக் கொண்டுவந்து வைப்பது ஆகியவை செய்யக்கூடியவை.

அடுத்து, பொது வார்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று. தொற்றுச் சிகிச்சைக்கென்று உள்ளே கொண்டுவரும் ஒவ்வொரு பொருளும் இங்கே ஆபத்தாகலாம். ஆக்சிஜன் குழாய், டிரிப் குழாய், மாஸ்க்கின் நாடா ஆகியவற்றால் கழுத்தை இறுக்கிக்கொள்ள முடியும். மாஸ்க் மூக்குக்கம்பியால் கையைக் கீறிக்கொள்ள முடியும். கழிவு போடும் பிளாஸ்டிக் பையால் முகத்தை மூடிக்கொள்ளலாம். சுவரில் மாட்டிய கைகழுவும் ஆல்கஹால் திரவத்தைக் குடித்துவிடுகிறவர்கள் உண்டு. குடிப்பழக்கம் உள்ளவர் இருக்கும் வார்டில் இது அடிக்கடி நடக்கும். அதனால் அந்தத் திரவத்தைச் சின்னக் குப்பியில் ஊழியரே பையில் வைத்துக்கொள்ளட்டும். தற்கொலை அபாயம் உள்ளவருக்கு நாடா இல்லாத, காதில் மாட்டும் மெல்லிய மாஸ்க்கைக் கொடுங்கள். அதுவும் கூடாது என்றால் மாஸ்க் போடுகிற பொறுப்பை நீங்கள் ஏற்று, அவரைத் தனி அறையில் வையுங்கள்.

இரண்டாம் படி: கவுனுக்குள் இருப்பது ஒரு மனிதர் என்று காட்டுங்கள்

பாதுகாப்பு உடை அணியும் வரிசை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் கை சுத்தம், பிறகு கவுன், என்95 மாஸ்க், கண்ணாடி, கடைசியில் கையுறை. கழற்றும்போதுதான் தொற்று பிடிக்கிறது. கையுறை முதலில், அடுத்து கண்ணாடி, பிறகு கவுன். மாஸ்க்கைக் கடைசியாக, அறைக்கு வெளியே வந்த பிறகு. கையை ஒவ்வொரு கட்டத்திலும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். களைப்பில் மூளை வரிசையைத் தவறவிடும் என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் படமாக ஒட்டிவைப்பதும், கழற்றும்போது இன்னொருவர் நின்று பார்ப்பதும் நல்லது.

உடை போட்டதும் நீங்கள் யார் என்பதே நோயாளிக்குத் தெரியாமல் போகிறது. யாரோ தன்னைக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால், முகமில்லாத வெள்ளை உருவம் கையில் ஊசியோடு வந்து நின்றால் அவர் அடிக்க வருவதில் வியப்பில்லை. கவுனின் நெஞ்சில் உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சிரித்த முகத்தோடு எடுத்த புகைப்படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால், உடை போடுவதற்கு முன்பே கண்ணாடி ஜன்னல் வழியாக உங்கள் முகத்தைக் காட்டிக் கையசைத்துவிட்டு, பிறகு உடையோடு உள்ளே போங்கள். "நான்தான் காலைல ஜன்னல்ல கை காட்டினேன். உங்களுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு பார்க்க வந்திருக்கேன். ரெண்டு நிமிஷம் ஆகும். கையில ஊசி எதுவும் இல்ல." இப்படிப் பேசித் தொடங்குவதற்கு ஆகும் நேரம், பின்னால் ஒரு கைகலப்பைத் தவிர்க்கிறது.

மாஸ்க் வழியாகக் குரல் மங்கும், உதடும் தெரியாது. அதற்காகக் கத்தினால் கோபமாகப் பேசுவதாகவே நோயாளிக்குப் படும். வேகத்தைக் குறையுங்கள், வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், கையை அவர் பார்வையில் படும்படி வையுங்கள்.

உங்கள் மாஸ்க்கை நோயாளி பிடித்து இழுத்துவிட்டால் திட்டாதீர்கள், அங்கேயே நின்று சரிசெய்யவும் முயலாதீர்கள். பின்னால் நகர்ந்து, அறையை விட்டு வெளியே வந்து, கையைச் சுத்தம் செய்து, புது மாஸ்க் போட்டுக்கொண்டு, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறும் ஸ்டெதாஸ்கோப்பும் உள்ளே வரவே கூடாது.

மூன்றாம் படி: கேட்பதோடு நிற்காமல் அளந்து பாருங்கள்

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு "நல்லா இருக்கேன்" என்ற பதிலைச் சார்ட்டில் எழுதுவது இந்த வார்டில் போதாது. ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது ஒருமுறை, தொற்று உறுதியானவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இவற்றை எண்ணாக எழுதுங்கள்: வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு விடும் வேகம், ஆக்சிஜன் அளவு, குடித்த தண்ணீரும் போன சிறுநீரும்.

இவற்றில் மூச்சு வேகத்தைத்தான் எல்லோரும் உத்தேசமாக எழுதுகிறார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் 18, 18, 18 என்று இருக்கும் சார்ட்டை நம்பாதீர்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிதானமாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 20-ஐத் தாண்டித் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டினால் அவசரம். நோயாளி வாயைத் திறக்காவிட்டாலும், விரல் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாலும், இந்த ஒன்றைத் தூரத்தில் நின்றேகூட எண்ணிவிடலாம். தூங்குகிறவருக்கும் எண்ணலாம்.

ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே வந்தால் டாக்டருக்குத் தகவல். 90-க்குக் கீழே என்றால் யாருக்காகவும் காத்திருக்காமல் ஆக்சிஜன் தொடங்க வேண்டிய நிலை. கோவிடில் அளவு நன்றாக இறங்கிய பிறகும் மூச்சுத்திணறல் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் பலர். விரலில் நகச்சாயம் இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ கருவி தவறாகக் காட்டும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கும் உண்டு. சந்தேகம் வந்தால் நோயாளியை உங்களோடு 40 எட்டு நடக்கவைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் நுரையீரலில் ஏதோ நடக்கிறது. படுக்கையிலேயே சுருண்டு கிடக்கும் நோயாளியிடம் உட்கார்ந்த நிலை அளவை மட்டும் நம்புவது ஆபத்து.

காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதியடைய வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் சோர்வும் குழப்பமும் மட்டும் வரலாம். மனநோய் மருந்துகள் உடலின் வெப்பக் கட்டுப்பாட்டையே குலைப்பவை.

காலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அசையாமல் கிடப்பவர், தண்ணீர் குடிக்காதவர், மயக்க மருந்தில் இருப்பவர், இவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். மனநோய் மருந்துகளும் தொற்றும் அதைக் கூட்டுகின்றன. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

நான்காம் படி: திடீரென்று நடத்தை மாறினால் முதலில் உடம்பைச் சந்தேகியுங்கள்

இரண்டு நாளாக அமைதியாக இருந்தவர் இரவில் எழுந்து படுக்கை விரிப்பைப் பிடுங்குகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, காலையில் மறுபடி தெளிவாகிறார், சாயங்காலம் மீண்டும் குழம்புகிறார். இது மனநோய் முற்றியதாகத் தெரியும். பெரும்பாலும் இது டெலிரியம், அதாவது உடல்நோயால் மூளை தடுமாறும் நிலை. ஏறியும் இறங்கியும் மாறுவதும், கவனம் நிற்காததும்தான் இதன் அடையாளம். வார நாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர் குரல்களோடு போராடிக்கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடுவார்; டெலிரியத்தில் இருப்பவர் இரண்டாம் நாளிலேயே வழி தவறிவிடுவார். யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பதைவிட உருவம் தெரிவது புதிதாகத் தொடங்கினாலும் உடம்பைத்தான் முதலில் பாருங்கள்.

ஆர்ப்பாட்டம் செய்யும் டெலிரியத்தை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். மௌனமான வகைதான் தப்பிப்போகிறது. பேசாமல், சாப்பிடாமல், பாதித் தூக்கத்தில் கிடப்பவரை "டிப்ரஷன் கூடிவிட்டது" என்று எழுதி வைப்பதற்கு முன் ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், சிறுநீர் எல்லாம் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள்.

காய்ச்சலோடு உடல் விறைத்தால் அது இன்னொரு அவசரம். மனநோய் மருந்துகளால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோமில் காய்ச்சல், ஈயக்குழாய்போல் வளையும் விறைப்பு, வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், மங்கிய உணர்வு எல்லாம் சேர்ந்து வரும். ரத்தத்தில் சிபிகே என்ற தசை நொதியின் அளவு ஏறியிருக்கும். தொற்றுக் காய்ச்சல் என்று நினைத்து மனநோய் மருந்தைத் தொடர்ந்தால் உயிர் போகலாம். காய்ச்சல் வந்த ஒவ்வொரு மனநல நோயாளியின் முழங்கையையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, வேகமான நாடி, காய்ச்சல் வந்தால், குடியை நிறுத்தியதால் வருவதா என்றும் கேளுங்கள். குடும்பத்தாரை உள்ளே விடாத காலத்தில் இந்தத் தகவல் கேஸ் ஷீட்டில் இல்லாமலே போகும். போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடங்கள்

இந்தப் பகுதியை அச்செடுத்து நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டினாலும் தகும். மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை; ஆனால் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மருந்து கொடுக்கிறவர்தான்.

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பட்டியலை முதல் நாளே எடுத்துவையுங்கள். தொற்றால் உடலில் அழற்சி கூடும்போது, குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி மந்தமாகிறது. மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். இதோடு தனிமைப்படுத்தியதால் புகைப்பதையும் நிறுத்தியிருப்பார். புகையில் உள்ள வேதிப்பொருள்கள் அந்த நொதியைத் தூண்டிக்கொண்டிருந்தவை. அவை நின்றதும் அளவு இன்னும் ஏறும். நிக்கோடின் பட்டை ஏக்கத்தைக் குறைக்கும், இந்த ஏற்றத்தைத் தடுக்காது, ஏனென்றால் நொதியைத் தூண்டுவது நிக்கோடின் இல்லை. எழுப்ப முடியாத தூக்கம், தலையணை நனையும் எச்சில், திடீர்த் திடீரென்று கை உதறல், வலிப்பு, இவை அளவு கூடியதன் அறிகுறி. ரத்த அளவு பார்க்க வசதி இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அறிகுறியை வைத்தே அளவைக் குறைக்க டாக்டரிடம் பேசுங்கள்.

குளோசபின் நோயாளிக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் தொற்றுப் பரிசோதனையோடு ரத்த வெள்ளணுக் கணக்கும் அன்றே போக வேண்டும். "கோவிட் பாசிட்டிவ் வந்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது தனி அவசரம். மருந்து தொடங்கி முதல் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் வேகமான நாடியும் வந்தால் இதயத் தசை அழற்சியையும் நினைக்க வேண்டும். மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். வேறு மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களிடம் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். மலம் போனதா என்பதையும் தினமும் எழுதுங்கள். குளோசபின் மலச்சிக்கல் குடல் அடைப்பாகி உயிரை எடுக்கும்.

பைபோலார் நோய்க்கான லித்தியம் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றினால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். உடல்வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் அளவு மேலும் ஏறும், பாராசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் எடுப்பது கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து. ஆனால் நச்சு அறிகுறி தெரிந்துவிட்டால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். ரத்த அளவு லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல் போனால் ஆபத்து. நாள்பட்டுச் சாப்பிடுகிறவருக்கு அதைவிடக் குறைவிலும் நச்சு தெரியலாம்.

கோவிடுக்கான நிர்மட்ரெல்விர் மாத்திரையோடு வரும் ரிட்டோனவிர் பல மனநோய் மருந்துகளின் சிதைவைத் தடுக்கும். லுராசிடோன், பிமோசைட் சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது. குளோசபின், க்யூட்டியாபின் சாப்பிடுகிறவருக்கு மருந்தாளுநரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கார்பமசெபின் இதற்கு நேர் எதிர், தொற்று மருந்தையே செயலிழக்கச் செய்யும். அதை நிறுத்தினாலும் அதன் பாதிப்பு உடனே போகாது.

அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை ஹாலோபெரிடால், சிட்டலோப்ரம் ஆகிய மனநல மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் இசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது இதயம் ஒருமுறை துடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம், நீளும். 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் இதயத் துடிப்பு திடீரென்று குலையலாம். முதல் டோஸுக்கு முன் ஒரு இசிஜி, பொட்டாசியம் அளவு, பிறகு மறுபடி ஒரு இசிஜி எடுங்கள். வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரும் வால்புரோயேட் சாப்பிடுகிறவருக்கு மெரோபெனம் ஆன்டிபயாட்டிக் போட்டால் வால்புரோயேட் அளவு ஓரிரு நாளில் சரிந்து வலிப்பு வரலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லினிசோலிட் ஆன்டிபயாட்டிக் போட்டால் நடுக்கமும் காய்ச்சலும் வெட்டியிழுப்பும் சேர்ந்த செரடோனின் நச்சு வரலாம்.

கடைசியாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி பரிசோதனைக்குப் பிறகு, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிக்குத் தினம் 6 மில்லிகிராம், 10 நாள் வரை என்பது வழக்கமானது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் பலன் இல்லை. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், பைபோலார் உள்ளவரை மேனியாவுக்கு, அதாவது கட்டுக்கடங்காத உற்சாக நிலைக்குத் தள்ளும், சிலருக்குப் புதிதாகவே மனப்பிறழ்வைக் கொண்டுவரும். அதற்காக உயிர் காக்கும் மருந்தை மறுக்க முடியாது. காலையில் கொடுங்கள், தூக்க நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள், தூக்கம் குறையத் தொடங்கிய முதல் இரவே மனநல டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: தனிமைப்படுத்துவது தண்டனையாகிவிடக்கூடாது

தொற்றுக்காகத் தனி அறையில் இருக்கச் சொல்வது வேறு, கட்டுக்கடங்காதவரை அறையில் அடைத்துவைப்பது வேறு. இரண்டும் வெளியிலிருந்து ஒரேமாதிரி தெரிவதால் வார்டில் மெல்ல மெல்லக் கலந்துவிடுகின்றன. "கத்தினால் இன்னும் ரெண்டு நாள் உள்ளேதான்" என்று யாராவது சொல்லக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தொற்று முடிந்த அன்று தனிமை முடிய வேண்டும், நடத்தைக்காக நீட்டிக்கக்கூடாது. கதவைப் பூட்டியாக வேண்டிய நிலை வந்தால், அடைத்துவைப்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் எழுத்துப்பூர்வ உத்தரவு, மறுபரிசீலனை நேரம், கண்காணிப்பு எல்லாமே இதற்கும் வேண்டும். மனநலச் சட்டப்படி சேர்க்கப்பட்டவர் என்பதாலேயே தொற்றுச் சிகிச்சைக்கும் அவர் சம்மதம் தேவையில்லை என்று ஆகிவிடாது. அவரால் புரிந்து முடிவெடுக்க முடிகிறதா என்பதை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

முடிகிற தேதியைப் பெரிதாக எழுதி அவர் பார்வையில் ஒட்டுங்கள். கடிகாரமும் நாட்காட்டியும் வையுங்கள். எத்தனை மணிக்கு யார் வருவார் என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குப் போங்கள். சொன்ன நேரம் தவறினால் கதவைத் தட்டுவார், தட்டினால் ஊசி, ஊசிக்குப் பின் மூச்சு மந்தம். இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுபட வேண்டும்.

மேனியாவில் இருப்பவரை நான்கு சுவருக்குள் பத்து நாள் உட்காரவைக்க முடியாது. தொற்று உறுதியானவர்களின் பகுதி முழுவதையும் அவர் நடமாடும் இடமாக்கிவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் ஏற்கெனவே அதே தொற்று. மறதி நோய் உள்ளவர் நடந்துகொண்டேதான் இருப்பார். அவரைத் தடுப்பதைவிட அவர் போகும் பாதையைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது எளிது. கை கழுவிக் கழுவித் தோலுரிந்தவரிடம் "இன்னும் நல்லாக் கழுவுங்க" என்ற சுவரொட்டி தீங்கு. எப்போது, எத்தனை வினாடி என்று வரம்பு வைத்துச் சொல்லுங்கள்.

தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு தொற்றைக் காரணம் காட்டிக் கண்காணிப்பைக் குறைக்கவே கூடாது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்பதை ஏற்காதீர்கள். கேமராவால் ஓடிப்போய்த் தடுக்க முடியாது. ஷிப்டை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, உடையோடு ஒருவர் கண்ணெதிரே உட்கார வேண்டும்.

ஏழாம் படி: கொந்தளிப்பு வந்தால்

முதல் கேள்வி: மூச்சு போதவில்லையா? ஆக்சிஜன் குறைந்தவரின் பதற்றத்துக்கு மயக்க ஊசி போட்டால் பதற்றத்தோடு மூச்சும் அடங்கும். அளவு பார்த்த பிறகுதான் ஊசி. வலியா, சிறுநீர் அடைப்பா, புகைக்கும் ஏக்கமா என்பதையும் பாருங்கள்.

மருந்து தேவைப்பட்டால் வாய்வழி முதலில். லோராசெபம் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒலான்சபின் ஊசியையும் லோராசெபம் ஊசியையும் சேர்த்துப் போடாதீர்கள். இடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும். ஊசிக்குப் பின் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, ஆக்சிஜன், நாடி, விழிப்பு நிலை எழுத வேண்டும்.

பிடிக்க வேண்டி வந்தால் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தாதீர்கள். மூச்சுத்திணறலுக்குக் குப்புறப் படுப்பது நல்லது என்று கோவிடில் கேட்டிருப்பீர்கள். அது நோயாளி தானாக, தலையணை வைத்து, வயிறு அழுந்தாமல் படுப்பது. நான்கு பேர் அழுத்திப் பிடிப்பது மூச்சை நிறுத்தும்.

ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருப்பவருக்குக் கட்டுப்போடுவதைவிடப் பக்கத்தில் ஒருவர் உட்காருவது பலன் தரும். சிலிண்டரைச் சுவரோடு பிணையுங்கள். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

இசிடி எனும் மின் அதிர்வுச் சிகிச்சையைப் பெருந்தொற்று என்பதால் மொத்தமாக நிறுத்திவிடுவது சரியல்ல. சாப்பிடாமல் விறைத்துக் கிடக்கும் கேட்டடோனியா நோயாளிக்கும் தற்கொலை முனைப்பில் இருப்பவருக்கும் அதுவே உயிர் காப்பது. அறையில் ஆட்களைக் குறைத்து, எல்லோரும் என்95 அணிந்து, பையால் காற்று அழுத்துவதைக் குறைத்துச் செய்யலாம்.

எட்டாம் படி: வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது

மனநோயாளி என்றதும் படுக்கை இல்லை என்ற பதில் வரும். இதற்குத் தயாராக இருங்கள். நோயின் பெயரில் தொடங்காமல் எண்களில் தொடங்குங்கள்: "வயது 52, ஆக்சிஜன் 88, மூச்சு 32, இரண்டு மணி நேரமாக இறங்குகிறது." மனநோயை மூன்றாவது வாக்கியத்தில் சொல்லுங்கள், கூடவே என்ன செய்தால் அமைதியாக இருப்பார் என்பதையும். மறுத்தால் மறுத்தவரின் பதவி, நேரம், காரணம் ஆகியவற்றை எழுதிவைத்து அடுத்த மேலதிகாரியிடம் பேசுங்கள்.

கூடவே போகும் தாளில் கடைசி வேளை மருந்து எப்போது, கடைசி ஊசி மருந்து எந்தத் தேதி, குளோசபின் அல்லது லித்தியம் உண்டா, தற்கொலை அபாயம் உண்டா, வீட்டில் யாருக்குப் போன் செய்வது என்று இருக்க வேண்டும். தெரிந்த முகம் ஒருவர் கூடப் போக முடிந்தால் அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: குடும்பமும் வீடு திரும்புதலும்

பார்வையாளர் இல்லாத வார்டில் தினம் ஒரு குறித்த நேரத்தில் வீடியோ அழைப்பு செய்துகொடுங்கள். போனை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் ஒயரை அறையில் விட்டுவராதீர்கள். நிலை மோசமாகும் என்று தெரிந்த அன்றே குடும்பத்தை அழையுங்கள். உடையோடு ஒருவரையாவது உள்ளே அனுமதிக்க நிர்வாகத்திடம் போராடுங்கள். வார்டில் ஒருவர் இறந்தால் மற்ற நோயாளிகளிடம் அதை மறைக்காதீர்கள். காலியான கட்டிலை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் தூக்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள். தொற்று தீர்ந்த பிறகு வாரக்கணக்கில் களைப்பு நீடிக்கலாம் என்று அவரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். காய்ச்சலின்போது குறைத்த மருந்தைத் திரும்ப ஏற்ற வேண்டுமா, யார் ஏற்றுவது, எந்தத் தேதியில் என்பது டிஸ்சார்ஜ் தாளில் இருக்க வேண்டும். குளோசபின் சாப்பிடுகிறவர் வீட்டுக்குப் போய் மறுபடி புகைக்கத் தொடங்கினால், வார்டில் சரியாக இருந்த அதே அளவு போதாமல் போய்க் குரல்கள் திரும்பலாம். அதனால் புகைப்பாரா என்பதை வெட்கப்படுத்தாமல் கேட்டு, முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனைக்கும் மருந்து அளவு பார்ப்பதற்கும் தேதி குறித்துக் கொடுத்து, அந்தத் தேதியில் அவர் வரவில்லையென்றால் யார் போன் செய்வது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.